“இன்னாது? இன்னாது?” – பட்டறைச் சத்தமும் வீட்டுக்காரர் காதும்

ராணிப்பேட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 43 வயது. சிப்காட்டில் பாய்லர் உதிரிகளுக்குத் தகடு வேலை செய்யும் ஒரு ஷெட்டில் 16 வருடமாகக் கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்க்கிறார். தினமும் நாலு மணி நேரமாவது கிரைண்டிங். மீதி நேரம் சம்மட்டியால் தகடு நிமிர்த்துவது. வாரத்தில் இரண்டு நாள் கவுஜிங், அதாவது உலோகத்தை உருக்கிப் பள்ளமாக எடுக்கும் வேலை. மாதக் கடைசியில் பெயின்ட் அடிக்கவும் கூப்பிடுவார்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. இதுவரை மூன்று கான்ட்ராக்டர்கள் மாறியிருக்கிறார்கள்.

“எதைச் சொன்னாலும் ‘இன்னாது, இன்னாது’ன்றார். ‘காசு குடுத்தாங்களா’ன்னு கேட்டா ‘காதுக்கு இன்னா இப்போ’ன்னு எரிஞ்சு விழறார். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. ராத்திரி காதுக்குள்ள ‘ஙொய்’னு ஓடிக்கிட்டே இருக்குதாம். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் தேவலை” என்கிறார். போன மாதம் ஷெட்டிலேயே முகாம் போட்டு, மாலை ஷிப்ட் முடிந்ததும் காது பரிசோதித்திருக்கிறார்கள். அந்தத் தாளின் எண்களையும் எழுதி அனுப்பியிருக்கிறார். சூப்பர்வைசர் “வயசானா அப்படித்தான்” என்று சொல்லிவிட்டார். மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றி வருகிறார். தெரிந்த ஒருவர் “கேஸ் போட்டா லட்சக்கணக்குல வரும்” என்கிறார். மாத்திரையில் சரியாகுமா, வேலையை விட்டுவிட வேண்டுமா, நஷ்டஈடு கிடைக்குமா என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில் நான்காவதாக ஒரு செய்தி: 20 வயதுக் கொழுந்தனாரும் அடுத்த மாதம் அதே ஷெட்டில் சேரப் போகிறார்.

சகோதரி, முதலில் எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். மாமியாரின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. காதில் ஊற்றுவது எதுவும் செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகாது. உங்கள் கணவரின் பழுது அதற்கும் உள்ளே, நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும் உள்காதில் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் சீழைக் கொண்டுவரும். சூடாக ஊற்றினால் தோல் வெந்துபோகும்.

அந்த உள்காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. சத்தத்தின் அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்குறியாக மாற்றுவது இவைதான். ஒரு நாள் பலத்த இரைச்சலில் நின்றால் இவை களைத்துப்போகின்றன. அதனால்தான் ஷிப்ட் முடிந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கிறது. ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தேறுகிறது. “ஞாயிற்றுக்கிழமை தேவலை” என்று நீங்கள் எழுதியதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஆறு நாள் அந்தச் செல்கள் அடி வாங்குகின்றன என்பதற்கு அதுவே அத்தாட்சி. களைத்த செல் தேறும், செத்த செல் முளைக்காது. “காது பழகிப்போச்சு” என்று பட்டறையில் சொல்வார்கள். சத்தம் முன்பு போல உறுத்தவில்லை என்றால், அதை உணர்ந்துகொண்டிருந்த செல்களில் ஒரு பகுதி போய்விட்டது என்று பொருள்.

காசு ஏன் காதானது?

பலத்த இரைச்சல் முதலில் தின்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த சுருதியை, அதிலும் குறிப்பாக 4,000-ஐ. நம் பேச்சில் அ, ஆ, உ போன்ற உயிரோசைகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ‘காசு’ என்னும்போது ச-வில் வரும் அந்தச் சீறல் உயர்ந்த சுருதி. அது விழாமல் போனால் அவர் காதுக்கு ‘கா…உ’ மட்டும் வருகிறது. மிச்சத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறார். காசு, காது, காடு மூன்றும் அவருக்கு ஒரே வார்த்தை. இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல.” குழந்தையின் கொலுசும் மழை நாளில் சில்வண்டும் பெரும்பாலும் இதற்கும் முன்பே காணாமல் போயிருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஆகவே அவரிடம் கத்திப் பேசாதீர்கள். கத்தினால் உயிரோசைதான் பெரிதாகும், ச-வும் த-வும் தெளியாது. முகம் தெரிகிற மாதிரி எதிரே நின்று, மிக்சியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொல்லுங்கள். சண்டையில் பாதி அதிலேயே குறையும்.

முகாம் தாளை எப்படிப் படிப்பது?

நீங்கள் அனுப்பிய எண்கள்: 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல், 1,000-இல் 25, 2,000-இல் 30, 4,000-இல் வலது 55, இடது 60, 8,000-இல் 40. எண் கூடக் கூடக் குறை அதிகம், வரைபடத்தில் கோடு கீழே இறங்கும். 25 வரை சாதாரணம் எனலாம். 4,000-இல் பள்ளமாக இறங்கி 8,000-இல் மீண்டும் மேலேறுகிறது பாருங்கள். இரைச்சலால் கெட்ட காதின் கையெழுத்து அது. வயதால் வரும் குறை 8,000 வரை சரிந்துகொண்டே போகும், திரும்பி ஏறாது. 43 வயதில் இப்படி ஒரு பள்ளம் இருக்கும்போது சூப்பர்வைசர் சொன்ன ‘வயசு’ காரணம் நிற்காது.

ஆனால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்த பரிசோதனை, களைத்த செல்லையும் செத்த செல்லையும் சேர்த்தே காட்டும். 500 ஹெர்ட்ஸில் 30 வந்திருப்பதற்குப் பக்கத்தில் ஓடிய கம்ப்ரசரின் உறுமலே காரணமாக இருக்கலாம். வார விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிப்டுக்குப் போகும் முன், குறைந்தது 14 மணி நேரம் பலத்த சத்தம் படாத காதோடு, ஒலி தடுத்த அறையில் மறுபடி எடுக்க வேண்டும். காது வழியாகச் சத்தம் விட்டுப் பார்க்கும் காற்றுவழி, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்துப் பார்க்கும் எலும்புவழி இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். எலும்புவழியும் அதே அளவு குறைந்திருந்தால்தான் பழுது உள்காதில் என்பது உறுதியாகும். அதற்கு முன் மருத்துவர் காதுக்குள் பார்த்து, அழுக்கு அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் ஊற்றிய காதில் அது நிறையவே இருக்கும். இஎஸ்ஐ மருந்தகத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். வெளியே எடுப்பதானால் வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சிஎம்சியோ இருக்கவே இருக்கிறது. தாளின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். செத்த மயிர்செல்லை உயிர்ப்பிக்கும் மாத்திரையோ, ஊசியோ, லேகியமோ இன்று கிடையாது. வைட்டமின் பட்டியலுக்கு மாதா மாதம் செலவழிக்காதீர்கள். ஒரு விதிவிலக்கு: ஒரே நாளில் திடீரென்று ஒரு காது மந்தமானால் அது வேறு நோய். இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால் ஸ்டீராய்டு பலன் தரக்கூடும். ஒரு காது மட்டும் கெட்டுக்கொண்டே வந்தாலோ, தலை சுற்றினாலோ, சீழ் வந்தாலோ பட்டறைச் சத்தத்தின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது.

இரவு ‘ஙொய்’ சத்தத்துக்கு, முழு நிசப்தத்தில் படுக்காமல் ஃபேன் ஓசையோ மெல்லிய பாட்டோ ஓடவிடுங்கள். காது கேட்கும் கருவி உதவும். கண்ணாடி போட்டதும் பார்வை தெளிவது போல் முதல் நாளே எல்லாம் தெளிந்துவிடாது. பழக சில வாரங்கள் ஆகும். உயர்ந்த சுருதியை மட்டும் கூட்டித் தரும்படி அதைச் சரிசெய்து வாங்க வேண்டும். கருவியை ஷெட்டுக்குள் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அணைத்து வைத்தாலும் அது இயர் பிளக் (சத்தம் புகாமல் காதில் செருகும் அடைப்பான்) ஆகாது.

ஷெட்டுக்குள் எவ்வளவு சத்தம்?

டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு போல் நடக்காது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 97 டெசிபல் கிரைண்டர் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று ஓடினால் 100. நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் எல்லை. 95-க்கு நாலு மணி நேரம், 100-க்கு இரண்டு, 105-க்கு ஒன்று, 110-க்கு அரை மணி, 115-க்கு கால் மணி. அதற்கு மேல் வெறுங்காதோடு நிற்கவே கூடாது. ஆங்கிள் கிரைண்டர் பெரும்பாலும் 95 முதல் 105 வரை போடும். 100 என்று வைத்தாலும், நாலு மணி நேர கிரைண்டிங்கிலேயே உங்கள் கணவர் ஒரு நாளைக்கான அளவைப் போல் இரண்டு மடங்கு வாங்கிவிடுகிறார். கவுஜிங்கும் சம்மட்டியும் அதற்கு மேல். ஓவர்டைம் பார்க்கிற நாளில் எல்லை இன்னும் கீழே இறங்க வேண்டும், 90 என்பது எட்டு மணி நேரத்துக்குத்தான்.

அந்த 90-கூடக் காதுக்குப் பத்திரமான எண் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலைக்காலம் முழுக்க 90 டெசிபலில் நிற்பவர்களில், இரைச்சல் படாதவர்களைவிடக் கூடுதலாக 25 சதவீதம் பேருக்குச் செவித்திறன் குறை வரும். 85-இல் அது 8 சதவீதம். அதனால் 85-ஐத் தாண்டினாலே காதைக் காக்கத் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு கை நீளத்தில் நிற்கும் ஆளிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்த இடம் 85-ஐத் தாண்டிவிட்டது. போன் ஆப் ஒரு குத்துமதிப்புக்குச் சரி. மிகப் பலத்த சத்தத்தில் போன் மைக் திணறிக் குறைத்துக் காட்டும்.

மாதக் கடைசி பெயின்ட் வேலையை ஏன் தனியாகக் குறிப்பிட்டேன் என்றால், தின்னரில் இருக்கும் டொலுயீன், சைலீன் போன்றவை காதையும் கெடுக்கும். இரைச்சலோடு சேர்ந்தால் பாதிப்பு கூடும். முகக்கவசம் இல்லாமல் அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

பிளக் கொடுத்தும் ஏன் கெட்டது?

கம்பெனி இரண்டு வருடமாக மஞ்சள் நுரை பிளக் தருகிறது, அதற்கு முன் பஞ்சுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பஞ்சு காதுக்கு ஆறுதல், காவல் இல்லை. ஒருசில டெசிபல்தான் தடுக்கும். நுரை பிளக் நல்ல பொருள். ஆனால் பாக்கெட்டில் 29 டெசிபல் தடுக்கும் என்று போட்டிருந்தால் 29-ம் கிடைக்காது. அதில் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்குங்கள்: 11. நூறு டெசிபல் 89 ஆகும், அதுவும் ஒழுங்காகப் போட்டால்.

பெரும்பாலோர் காது வாசலில் செருகிவிட்டு வந்துவிடுகிறார்கள். கை கழுவிவிட்டு, பிளக்கை விரலிடையே மெல்லிய பென்சில் போலச் சுருக்கம் விழாமல் உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அணைத்துப் பிடிக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் எதிரே நிற்பவருக்கு பிளக்கின் நுனி மட்டும் தெரியும். தன் குரலே பானைக்குள் பேசுவது போல் கேட்கும். இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுத்துப் பார்க்கலாம்: பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை.

கிரீஸ் கையால் உருட்டிய பிளக் காதில் புண் உண்டாக்கும். கெட்டித்துப் போனதைத் தூக்கிப் போட வேண்டும். வெல்டிங் ஷீல்டு போடுகிறவருக்கு இயர் மஃப் (காதை வெளியே மூடும் கிண்ணம்) தலைப்பட்டையில் இடிக்கும். கண்ணாடிக் காம்பு மஃபின் மெத்தைக்கு இடையில் சந்து விடும். அவருக்குப் பிளக்தான் தோது. தெறிக்கும் பொறி காதுக்குள் விழாமலும் அது தடுக்கும்.

அடுத்தது கழற்றும் பழக்கம். முழுசாக 30 டெசிபல் தடுக்கிற பிளக்கையே எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால், அன்றைய கணக்குக்குக் கிடைப்பது 12 டெசிபல்தான். ‘போன் வந்துச்சு, கழட்டுனேன்’ என்பதற்கு விலை அவ்வளவு. பேச வேண்டுமானால் ஷெட்டுக்கு வெளியே வந்து கழற்றட்டும்.

பிளக் கடைசி வழி. அதற்கு முன்பு ஷெட்டில் செய்ய வேண்டியது நிறைய, பெரிய செலவும் ஆகாது. தகட்டை வெறும் இரும்பு மேசையில் போட்டு அடித்தால் அது கோயில் மணி மாதிரி அதிரும். அடியில் மணல் மூட்டையோ தடித்த ரப்பரோ போட்டு, கிளாம்பால் இறுக்கினால் அந்த அதிர்வு செத்துப்போகும். சம்மட்டிக்குப் பதில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து அழுத்தி நிமிர்த்தலாம். இடம் கொடுக்கிற வேலைக்குக் கல் வீலை விட்டு ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய சக்கரம்) போட்டால் சத்தம் குறையும். காற்றடிக்கும் துப்பாக்கிக்கு இரைச்சல் குறைக்கும் நாசில் தனியாகக் கிடைக்கிறது. கம்ப்ரசரைச் சுவருக்கு வெளியே தள்ளலாம். கவுஜிங்கை ஷெட்டின் ஒரு மூலைக்கு, மற்றவர்கள் இல்லாத நேரத்துக்கு மாற்றலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும்; தகரக் கூரையின் கீழ் சத்தம் திரும்பத் திரும்ப மோதுவதால் அவ்வளவு குறையாது. முடிந்த வேலையை வெளி முற்றத்தில் செய்வது நல்லது.

வேலையை விடுவதா, உரிமையைக் கேட்பதா?

விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இரைச்சல் நின்றால் இரைச்சலால் வரும் சேதமும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். பேச்சுக்கு வேண்டிய 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் அவரிடம் இன்னும் பெரும்பாலும் மிச்சமிருக்கிறது. அதனால் கிரைண்டிங்கிலிருந்து மார்க்கிங், அளவு பார்ப்பது, ஸ்டோர் போன்ற வேலைக்கு மாற்றும்படி மருத்துவரின் எழுத்தோடு கேட்பது முதல் வழி. அதே ஷெட்டின் நடுவில் மேசை போட்டுக் கொடுத்தால் அது மாற்றம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நஷ்டஈட்டைப் பற்றித் தெரிந்தவர் சொன்னது சரியில்லை. இஎஸ்ஐ-யில் இருப்பவர் அதே பாதிப்புக்கு முதலாளியின் மேல் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. உரிமை இஎஸ்ஐ வழியாகத்தான். இரைச்சலால் வரும் செவித்திறன் குறை இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. அந்த மாதிரி வேலையைத் தொடர்ந்து ஆறு மாதமாவது செய்திருந்தால், வேலையால் வந்ததில்லை என்று மறுபக்கம் நிரூபிக்கும் வரை, அது வேலைக்காயமாகவே எடுத்துக்கொள்ளப்படும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் பட்டியலில் இந்த நோய் தொடர்கிறது. சிறப்பு மருத்துவ வாரியம் பார்த்து, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று முடிவு செய்யும். அந்தச் சதவீதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதத் தொகை வரும். வெளிப்படையாகச் சொல்கிறேன்: பேச்சுச் சுருதி பெரும்பாலும் தப்பியிருப்பதால் சதவீதம் சிறிதாகவே வரலாம், வராமலும் போகலாம். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் இரண்டு காதிலும் பேச்சுச் சுருதியில் 60 டெசிபலாவது குறை வேண்டும். அவர் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறார், அதுவும் நல்லதற்கே. ஆனாலும் மனு போடுங்கள். நாளை குறை கூடினால், இன்றைய பதிவுதான் அடிப்படை.

பதிவு என்னும்போது ஒன்று கவனியுங்கள். மூன்று கான்ட்ராக்டர் மாறியதில் ஒவ்வொருவரும் புதிய இஎஸ்ஐ எண் போட்டிருந்தால் 16 வருட வேலை மூன்று துண்டாகிக் கிடக்கும். காப்பீட்டு எண் ஒரு ஆளுக்கு ஒன்றுதான். கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிஎஃப் பாஸ்புக்கும் எந்த மாதம் யாரிடம் வேலை என்பதற்குச் சாட்சி. மருந்தகத்தில் சீட்டு எழுதும்போது “காது கேட்கவில்லை” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “16 வருடம் கிரைண்டிங், கவுஜிங், தினம் இத்தனை மணி நேரம்” என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இந்த நோயைக் கண்டறியும் மருத்துவரும் ஆலை நிர்வாகமும் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் துறையின் இணை இயக்குநர் அலுவலகம் வேலூரில் இருக்கிறது. புகார் தந்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது; தொழிற்சாலைச் சட்டத்தில் 118-ஏ பிரிவே அதற்காக இருந்தது. ஆனால் இருபது பேர் வேலை செய்யும் ஷெட்டில் பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் தனியாகப் போக வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து, “சத்தத்தை அளந்து பலகையில் எழுதிப் போடுங்கள், வருடம் ஒரு முறை ஷிப்டுக்கு முன் காது பரிசோதியுங்கள்” என்று கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கட்டும். அதற்குப் பதில் வரவில்லை என்றால் வேலூர் அலுவலகம்.

கொழுந்தனார் விஷயம் அவசரம். சேரும் முன்பே, இந்த வாரமே, அவருக்கு ஒரு ஆடியோகிராம் (அண்ணனுக்கு எடுத்தது போன்ற காது பரிசோதனைத் தாள்) எடுத்துவிடுங்கள். இன்று அவர் காது எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது. ஆறு மாதம் கழித்து ஒன்று, பிறகு வருடம் ஒன்று. 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி முதல் தாளைவிட 10 டெசிபல் கூடினால், பிளக்கையும் இருக்கிற இடத்தையும் அப்போதே மாற்ற வேண்டும். அண்ணனை வைத்தே பிளக் உருட்டக் கற்றுக்கொடுங்கள். முதல் தாளின் ஒரு நகல் ரேஷன் கார்டோடு வீட்டில் இருக்கட்டும்.